தகடு காய்ந்திருந்தது

— தனேஷ், ரெயின்கோட்ட கழட்டாத. சட்டையெல்லாம் ரத்தம். பக்கத்து மோட்டோ சைக்கிள்காரன் பாக்குறான்.

— பாக்கட்டும் லா. ஃபெரி நகர்ந்துடுச்சு. பட்டர்வொர்த் போய் எறங்கிட்டா யாரு என்னைத் தேடுவா அக்கா?

— ஹரீஷ் உயிரோட இருக்கானா?

— மூச்சு இருந்துச்சு. ஒன் லேப் கார் பார்க்குல செக்யூரிட்டி கார்டுங்க கத்திக்கிட்டு ஓடி வந்தானுங்க. மோட்டோவ எடுத்துட்டேன். ஒனக்குப் போன் போட்டேன்.

— எதால அடிச்ச?

— ஒர்க்‌ஷாப்பு ஸ்பானர்தான். மொத அடி முட்டியில. சாஞ்சுட்டான். அப்புறம் வலது கை. எழுதுற கைதானேன்னு நல்லா போட்டேன். எலும்பு முறியுற சத்தம் கேட்டுச்சுக்கா.

— போதும். சொல்லாத.

— ஏன் சொல்லக்கூடாது? ஒன்கூட ஒரே லேப்புல இருந்துக்கிட்டு, தீபாவளிக்கு நம்ம வீட்டுல தின்னுட்டு உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்றான். ஒன்னோட நாலு வருஷ படிப்ப ஒரே மீட்டிங்குல நாசமாக்கிட்டான். நீ மாக் மண்டினுக்கு வந்து என் ஒர்க்‌ஷாப்பு வாசல்ல நின்னு அழுதப்பவே முடிவு பண்ணிட்டேன்.

— மீட்டிங்குல அவன் என்ன சொன்னான் தெரியுமா?

— நீதானே சொன்ன. கிருமியக் கொல்ற சாமான், பெப்டைடோ என்னமோ. கிருமியோட தோலு கொழுப்பு. இந்தச் சாமான் அதுல நட்டுக்க நின்னு ஓட்டை போடுதுன்னு நீ சொன்ன. இல்ல, தோலு மேல படுத்துதான் கெடக்குன்னு அவன் சொன்னான். எல்லாரு முன்னாடியும் ஒன்ன பொய்க்காரி ஆக்கிட்டான்.

— பொய்க்காரின்னு சொல்லல. தகடு காஞ்சு போச்சுன்னுதான் சொன்னான்.

— என்ன தகடு?

— மெல்லிசு கண்ணாடித் தகடு. கொழுப்பையும் பெப்டைடையும் அதுல பூசி மெஷினுக்குள்ள வெச்சுப் பாப்போம். ஒடம்புல இருக்குற மாதிரி ஈரம் இருக்கணும். என் தகட்டுல ஈரம் போயிருச்சு. காஞ்சதாலதான் அது நிமிர்ந்து நின்னுச்சு. ஈரம் வெச்சுப் பாத்தா படுத்துதான் கெடக்கு.

— அப்போ அவன் சொன்னது?

— சரிதான்.

— ஒனக்கு எப்போ தெரியும்?

— மீட்டிங்குக்கு முந்தின வாரமே. தனியா கூப்பிட்டு சொன்னான். நீயே எல்லாருகிட்டயும் சொல்லிடு துளசி, அதான் ஒனக்கு மரியாதைன்னான். நான் சொல்லல.

— கடவுளே. ஒரு நல்லவன் கையவா ஒடச்சேன்?

— அடிக்கிறப்ப அவன் ஒண்ணும் கேக்கலியா?

— ஒண்ணே ஒண்ணு கேட்டான். 'துளசியா அனுப்புச்சா?'ன்னு.

— நீ என்ன சொன்ன?

— சத்தியமா இல்லேன்னேன். எங்கக்காவுக்கு ஒண்ணும் தெரியாது, அது எறும்பக்கூட மிதிக்காதுன்னு சொல்லிட்டுத்தான் கடைசி அடி போட்டேன்.

— அழணும்னா அம்மாகிட்டயே அழுதிருக்கலாம், அது வீட்டுலதான் இருந்துச்சு தனேஷ். நான் ஃபெரி ஏறி, பஸ் புடிச்சு, ஒன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தேன்.

— அதுக்கென்ன இப்ப?

— என்னைக் கேலி பண்ணுன பஸ் டிரைவரு பல்ல நீ ஒடச்சத நான் மறக்கல. அன்னைக்கும் இப்படித்தான் வந்து அழுதேன். இந்தத் தடவ அவன் கார் எங்க நிக்கும்னும் சொன்னேன்.

— அக்கா...

— நீ அவன்கிட்ட பொய் சொல்லிட்ட தம்பி.