டிபன் டப்பாவில் லினக்ஸ்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகும் பஸ்ஸில் நல்ல கூட்டம். நின்றிருந்த ஒரு பெண், என் பக்கத்துச் சீட்டு அம்மாவிடம் தன் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொள்ளக் கொடுத்தாள்.

"பாத்துங்க அக்கா. உள்ள கம்ப்யூட்டர் இருக்குது."

"இத்துனூண்டு டப்பாக்குள்ளயா?"

"ஒரே போர்டுதானுங்க, புதுசா வந்தது. விண்டோஸ் மாதிரி லினக்ஸ்னு ஒண்ணு, அதையப் போட்டேன், ஓடல. பொள்ளாச்சில இதை வித்த கடைக்காரரு, 'அதெல்லாம் இதுல ஓடாதும்மா, உனக்கெதுக்கு இந்த வேலை, திருப்பிக் குடுத்துரு'ன்னாரு."

"விக்கிறவரு சொன்னா செரியாத்தான இருக்கும், அம்மிணி?"

"கேரளாப் பள்ளிக்கூடத்துல நாங்க கம்ப்யூட்டர் படிச்சதே லினக்ஸ்லதானுங்க. அவரு அதையத் தொட்டே பாத்ததில்ல. இந்தப் போர்டுல எது எங்க இருக்குதுன்னு லினக்ஸுக்குச் சொல்ற ஃபைலை இன்னும் யாரும் எழுதலீங்க. பழைய போர்டோடத எடுத்து, ஒவ்வொரு வரியா மாத்தி மாத்திப் போட்டேன். மூணு வாரம் ஆச்சு. நேத்து ஓடிருச்சுங்க. இப்ப அந்தக் கடைக்குத்தான் போறேன்."

"அப்புறம் எதுக்குக் கடைக்குக் கொண்டு போற?"

"திருப்பிக் குடுக்க இல்லீங்க. கடை வாசல்ல பெரிய டிவி ஒண்ணு வெச்சிருக்காரு. அதுல மாட்டி ஓட்டிக் காட்டத்தான்."

பொள்ளாச்சியில் இறங்கியதும் அவள் டப்பாவுக்குக் கை நீட்டினாள். அந்த அம்மா கொடுக்கவில்லை.

"கடை எந்தப் பக்கம்? நட, நானும் வர்றேன்."