ஆறு வருடத்தில் ஒரு திருட்டும் இல்லை

ஷெரிஃப், ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் ஆற்றங்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவர், மைதானத்துப் பக்கம் வருவதில்லை என்று எனக்குத் தெரியும். அதில் குறை ஒன்றும் இல்லை. கெளுத்தி மீனும் கடவுள் படைத்ததுதான். ஆனால் பேஸ்பால் பார்க்காதவரிடம் இதைச் சொல்வதென்றால் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். காபி நன்றாக இருக்கிறது.

என் பெயர் மெர்ல் ஹட்சல் என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். வயது முப்பத்தெட்டு. டர்பின் ஊரில் இரும்புச் சாமான் கடை. பதினோரு வருடத்தில் அந்தக் கடையிலிருந்து ஓர் ஆணிகூடக் களவு போனதில்லை. ஞாயிறு மதியம் ஊர் அணிக்குப் பந்து வீசுகிறேன். இடது கை.

ஓடுகிறவன் ஒவ்வொன்றாகத் தொட வேண்டிய நாலு முனைகள்தான் பேஸ். பந்தை அடித்தவன் ஓடிப்போய் முதல் பேஸில் நிற்பான். அடுத்தவனுக்கு நான் பந்து வீசும் நேரம் பார்த்து அவன் இரண்டாம் பேஸுக்கு ஓடிவிடலாம். யாரும் அடித்துக் கொடுக்க வேண்டியதில்லை. அதற்குப் பெயரே திருட்டு. விதியில் இடம் கொடுத்த திருட்டு. தேவாலயத்திலிருந்து நேராக வருகிற ஜனங்கள், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, பார் எப்படித் திருடுகிறான் என்று காட்டிக் கை தட்டுகிறார்கள். எனக்கு அது ஒருநாளும் ஒப்பியதில்லை.

அதைத் தடுக்க என்னைப் போன்றவனுக்கு ஒரே வழிதான். வீசப் போவதுபோல ஆரம்பித்து, சட்டென்று முதல் பேஸில் நிற்கும் நம் ஆளுக்கு எறிய வேண்டும். பேஸை விட்டுத் தள்ளி நிற்கும் ஓட்டக்காரன் திரும்பி வந்து தொடுவதற்குள் நம் ஆள் பந்தால் அவனைத் தொட்டுவிட்டால் அவன் அவுட். இடது கைக்காரனுக்கு முதல் பேஸ் முகத்துக்கு நேரே இருக்கும். நான் வலது காலைத் தூக்கினால் பந்து எந்தப் பக்கம் போகும் என்று எவனாலும் சொல்ல முடியாது. ஆறு வருடம், ஷெரிஃப். ஆறு வருடத்தில் என் பந்துவீச்சில் ஒருவன்கூட ஒரு பேஸ் திருடியதில்லை. பூஜ்யம். எங்கள் ஆட்டக் கணக்கை எழுதும் புத்தகம் நாவிதர் பிங்க்னியிடம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

நாங்கள் நிறையத் தோற்றோம், அது உண்மை. என் பந்தை அடிப்பது கஷ்டமாக இருந்ததில்லை. போன வருடம் ஒரு ஆட்டத்தில் பதினாலுக்கு இரண்டு என்று தோற்றோம். அன்றைக்கும் யாரும் திருடவில்லை. அதை யாரும் பேசுவதில்லை.

எங்கள் முதல் பேஸ் ஆட்டக்காரன் டட்லி க்ரோ. நல்லவன், கொஞ்சம் சோம்பேறி. ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் என்னிடம் நடந்து வந்தான்.

"மெர்லு, அடிக்கிறவன்னு ஒருத்தன் அங்க நிக்கிறான். அவனுக்கும் எப்பவாச்சும் ஒண்ணு போடேன். எனக்கே ஒம்பது தடவ எறிஞ்சுட்ட. கை எரியுது."

"அவன் மூணடி தள்ளி நிக்கிறான், டட்லி."

"ஒண்ணுக்குப் போகணும்னு நிக்கிறான்யா. எங்கயும் ஓடப் போறதில்ல."

கூட்டம் சிரித்தது. எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சில ஆட்டங்களில் நானே நாலு பந்தை மட்டைக்கு எட்டாதபடி அகலமாகப் போட்டு, விதிப்படி அடிக்கிறவனை அடிக்காமலே முதல் பேஸுக்கு அனுப்பியிருக்கிறேன். அங்கே யாரும் நிற்காவிட்டால் எனக்கு வேலை இல்லாததுபோல இருக்கும்.

கிளியான் யான்சி மே மாதத்தில் வந்தான். பக்கத்து ஊர் லாக்கர்டு கிராசிங் அணி. இருபது வயது, அப்பன் தானியக் கிடங்கில் மூட்டை ஏற்றுகிறவன். இரண்டு மாதத்தில் நாற்பத்தொரு பேஸ் திருடியிருந்தான். ஜூலையில் எங்கள் ஊருக்கு வந்தபோது மூன்று தடவை முதல் பேஸில் நின்றான், ஒரு தடவைகூட ஓடவில்லை. தள்ளி நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான், மாடு வாங்க வந்தவன் மாட்டைப் பார்ப்பதுபோல. பேஸை விட்டு எவ்வளவு தள்ளி நின்றாலும் நான் எறிவதற்கு முன்பே திரும்பிவிடுவான். பந்து வருகிறதா என்று பார்ப்பதுகூட இல்லை. முதுகைக் காட்டிக் குனிந்து, நிதானமாகப் பேஸை மிதிப்பான்.

ஆட்டம் முடிந்ததும் குளிர்பான வண்டிக்குப் பக்கத்தில் என்னிடம் வந்தான். மரியாதையான பையன், அதை நான் மறைக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டுதான் பேசினான்.

"அண்ணே, உங்கள மாதிரி ஒரு காவல் இந்தப் பக்கத்துலயே கெடையாது. எங்க ஆளுங்க எல்லாம் நடுங்குறாங்க."

"நீ நடுங்குன மாதிரி தெரியலியே."

"ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? முதல் பேஸுக்கு எறியுறதுக்கு முன்னால உங்க தாடை இறுகுது. அடிக்கிறவனுக்குப் போடும்போது இறுகல. நான் அத மட்டுந்தான் பாத்தேன்."

நான் என் தாடையைத் தடவிப் பார்த்தேன்.

"தெரிஞ்சும் சொல்லாம ஓடுனா அது நல்லால்ல. அதான் இன்னிக்கு ஓடல. அடுத்த தடவ ஓடுவேன். சொல்லிட்டேன், சரியா?"

இதைத்தான் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். உங்கள் உத்தியோகத்தில் எத்தனை திருடர்களைப் பார்த்திருப்பீர்கள். எவனாவது முன்கூட்டியே வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, உங்கள் வீட்டுச் சன்னல் சரியாகச் சாத்தவில்லை, அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறானா?

அதற்குப் பிறகு நான்கு வாரம் கண்ணாடி முன் நின்றேன். அவன் சொன்னது சரிதான், இறுகியது. வாயைத் திறந்து வைத்து எறிந்து பார்த்தேன். புகையிலை மென்று பார்த்தேன், கடைக்குப் பின்னால் வாந்தி எடுத்ததுதான் மிச்சம். தாடி வளர்க்கலாமா என்று வெல்மாவிடம் கேட்டேன். வெல்மா என் மனைவி.

"எதுக்கு தாடி?" என்றாள்.

"தாடைய மறைக்க."

"பதினஞ்சு வருசமா உங்க எதிர்ல ஒக்காந்து சாப்பிடுறேன். சூப்பு குடிக்கும்போதும் அது அப்படித்தான் இறுகும். எனக்குத் தெரியாதா? அந்த முதல் பேஸப் பாத்த பார்வையில பாதி என்னப் பாத்திருந்தீங்கன்னா, உங்களுக்கும் எப்பவோ தெரிஞ்சிருக்கும்."

அவள் எப்போதும் இப்படித்தான், ஒரு விஷயத்தை இன்னொன்றாக்கிவிடுவாள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. மனைவிக்குத் தெரிந்திருக்கிறது, அந்தப் பையனுக்குத் தெரிந்துவிட்டது. இனி ஊருக்கே தெரியும். தாடையை மாற்ற முடியவில்லை. ஆகவே மற்றதைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

எங்கள் மாட்டுக் கொட்டகையில் அறுபத்துமூன்று அடி எட்டு அங்குலம் அளந்தேன். நான் நிற்கும் இடத்திலிருந்து முதல் பேஸுக்கு அவ்வளவு தூரம். ஒரு தீவனச் சாக்கில் மண்ணை நிரப்பி உத்தரத்திலிருந்து தொங்கவிட்டேன், தரையிலிருந்து நாலடி உயரத்தில். டட்லி பந்தை வாங்குவது முழங்கால் உயரத்தில். நாலடி என்பது குனிந்து திரும்பும் ஒரு மனிதனின் காது இருக்கும் உயரம். எட்டு நாள், நாளுக்கு நூறு எறி. கடைசி நாளில் நூற்றில் தொண்ணூற்றாறு சாக்கில் பட்டது. இந்த எண்ணிக்கையை எழுதிக்கொள்ளுங்கள். இது முக்கியம்.

ஆகஸ்ட் பத்தொன்பது, ஞாயிறு. கூட்டம் அதிகம். யான்சியைப் பார்க்க நகரத்திலிருந்து ஒரு பெரிய அணியின் ஆள் வந்திருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். வைக்கோல் தொப்பி போட்டவர், மடியில் நோட்டுப் புத்தகம். மூன்றாவது இன்னிங்ஸில் யான்சி அடிக்க வந்தான். நான் நாலு பந்தை அகலமாகப் போட்டேன். கை நடுங்குகிறது, பயந்துபோய் அகலமாகப் போடுகிறேன் என்று அவர்கள் பக்கத்து ஆட்கள் கூவினார்கள். உண்மை அதுவல்ல. நாலும் நான் போட நினைத்த இடத்தில்தான் போயின.

அவன் முதல் பேஸுக்கு நடந்து போய், டட்லியிடம் குடும்பத்தை விசாரித்துவிட்டு, நாலு எட்டு தள்ளி நின்றான்.

மூன்று தடவை மெதுவாக எறிந்தேன், டட்லியின் முழங்காலுக்கு. மூன்று தடவையும் அவன் என் தாடையைப் பார்த்துவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பினான். மூன்றாவது தடவை சிரித்துக்கொண்டே தன் தாடையைத் தொட்டுக் காட்டினான். "அண்ணே, இன்னும் இறுகுதுண்ணே." அதில் கேலி இல்லை. அக்கறையாகத்தான் சொன்னான்.

நாலாவது தடவை தாடையை வேண்டுமென்றே நன்றாக இறுக்கினேன். அவன் திரும்பிக் குனிந்தான். நான் எறிந்தேன்.

பந்து இடது காதுக்குப் பின்னால் பட்டது. அடிக்கும்போது சிலர் கவசம் போடுகிறார்கள், ஓடும்போது வெறும் துணித் தொப்பிதான். பட்ட பந்து எகிறி, வேலியைத் தாண்டி, நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே விழுந்தது. டட்லி மண்டியிட்டு அவன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டான். டட்லி அழுது நான் பார்த்ததில்லை.

பந்து மைதானத்துக்கு வெளியே போய்விட்டால் ஓட்டக்காரனுக்கு ஒரு பேஸ் தானாகக் கிடைக்கும். அது விதி. அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அவனுக்குப் பதிலாக ஒருவன் வந்து இரண்டாம் பேஸில் நின்றான். அம்பயர் கொடுத்தது, திருடியது அல்ல. அதை உடனே பிங்க்னியிடம் உறுதிப்படுத்திக்கொண்டேன்.

அதன் பிறகு நடந்ததுதான் என்னை இங்கே கொண்டுவந்தது. எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அம்பயர் தோளைத் தட்டினார். போதகர் காயம்பட்டவனுக்கும் கை தவறியவனுக்கும் சேர்த்து ஜெபம் செய்தார். வியாழக்கிழமைக்குள் வீட்டுக்கு ஆறு தட்டு பீச் பழப் பலகாரம் வந்துவிட்டது. செய்தித்தாளில் "ஹட்சலின் தவறிய எறி" என்று போட்டிருந்தது. ஆட்டப் புத்தகத்தில் என் பெயருக்கு நேராகப் பிழை என்று குறித்திருந்தார் பிங்க்னி. அதை மாற்றச் சொல்லி அவர் கடைக்குப் போனேன்.

"பிழை இல்லீங்க அது. நான் எங்க எறிஞ்சேனோ அங்கதான் போச்சு," என்றேன்.

பிங்க்னி சவரக் கத்தியைக் கீழே வைத்தார். "மெர்லு, தூக்கமில்லாம ஏதேதோ பேசுற. உக்காரு, தண்ணி குடி."

நூற்றுக்குத் தொண்ணூற்றாறு, ஷெரிஃப். அதைப் பிழை என்கிறார்கள்.

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போனேன். யான்சி விழித்திருந்தான். வலது பக்கம் வேலை செய்யவில்லை, பேச்சு இழுத்து இழுத்து வந்தது. அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மனசப் போட்டு வதைச்சுக்காதீங்க. இங்க நடந்து வந்தீங்களே, அதுவே பெரிய மனசு," என்றார். பிறகு எனக்குக் காபி வாங்கிவரப் போனார்.

"கை தவறுறது எல்லாருக்கும் உண்டுண்ணே," என்றான் அவன்.

அந்த ஒன்றை மட்டும் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு விளக்கினேன். சாக்கு, நாலடி உயரம், அகலமாகப் போட்ட நாலு பந்து, மெதுவாக எறிந்த மூன்று. ஒன்றையும் விடாமல் சொன்னேன். ஆட்டம் தெரிந்தவன், அவனுக்காவது புரியும் என்று நினைத்தேன்.

அவன் கடைசிவரை கேட்டான். முகத்தின் பாதியில் சிரிப்பு வந்தது.

"அப்போ பயந்துட்டீங்க," என்றான். "இவ்வளவு பயமாண்ணே?"

அவன் அம்மா காபியோடு வந்துவிட்டார். குடித்துவிட்டுக் கிளம்பினேன். சனிக்கிழமை காலையில் தலைக்குள் ரத்தம் கசிந்து அவன் இறந்துபோனான்.

நீங்களும் முதலில் வீட்டுக்குப் போய்ப் படு மெர்ல் என்றுதான் சொன்னீர்கள். நான் போகாததால்தான் பேனாவை எடுத்தீர்கள். நன்றி. இப்போது எழுதியதைப் படித்தும் காட்டினீர்கள். சாக்கைப் பற்றி எழுதியது சரி. திட்டமிட்டு எறிந்தேன் என்பது சரி. கொன்றேன் என்பதும் இருக்கட்டும், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

பயந்து என்று ஒரு சொல் இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருக்கிறது. அது அவன் சொன்னது, நான் சொன்னதில்லை. அதை மட்டும் அடித்துவிடுங்கள்.