படகில் மிதித்த கால்

பிள்ளைகளே, தென்னேரி போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு நெசவாளியும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"காலைக் கட்டிப் போட்டுக்கினு வான்னுட்டாரும்மா, படகு லைசென்ஸ் ஆபீசர்," என்றார் அவர்.

"இன்னாய்யா சொல்ற?"

"தறிக்குழியில பலகையை மிதிச்சு மிதிச்சு, படகுல உக்காந்தாலும் கால் தன்னால மிதிக்குது. படகு ஆடுது. போன தபா டெஸ்ட்டுல ஆபீசர் நடு ஏரியிலயே எறங்கிக்கறேன்னாரு."

"இப்பவும்தான் மிதிச்சுக்கினு இருக்க."

எட்டிப் பார்த்தேன். அவருடைய பாதங்கள் பஸ் தரையை மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தன.

"இன்னிக்கும் ஃபெயிலானா, ஏரியில ஓட்ட எனக்குத் தர்றதா இருந்த படகை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

அந்த அம்மாள் குனிந்து அந்தக் கால்களைப் பார்த்தார். பிறகு, "ஆபீசரோட நானும் ஏறி உக்காந்துக்கறேன். எனக்கு நீச்சல் தெரியாது. அதை மட்டும் நெனச்சுக்கோ," என்றார்.

தென்னேரி வரும்வரை அந்தக் கால்கள் அசையவில்லை.