மெலோருக்கு ஒரு பங்கு

கல்சோம்: என் மக சிரிப்புக்கு அப்பன் தரவேண்டியது மாசம் முந்நூத்தம்பது ரிங்கிட்டா மேடம்? ஒரு பல்லுக்கு எவ்வளவு விழுதுன்னு...

ஷுக்ரி: முன்பல்லு ரெண்டும் விழுந்து கிடக்கு. அதைக் கழிச்சுட்டுச் சொல்லு.

கல்சோம்: பார்த்தீங்களா மேடம், பெத்த அப்பன் பேசுற பேச்சை!

நோரைனி: உக்காருங்க ரெண்டு பேரும். இது கோர்ட்டோட சமரச அறை. மீன் மார்க்கெட் இல்ல.

கல்சோம்: மார்க்கெட்ல நான் இதைவிட மெதுவாத்தான் பேசுவேன் மேடம்.

நோரைனி: விவாகரத்தாகி ரெண்டு வருஷம். மக மெலோர் அம்மாகிட்ட. அப்பா மாசாமாசம் முந்நூத்தம்பது கட்டணும்னு கோர்ட் உத்தரவு. நாலு மாசமா ஏன் கட்டல ஷுக்ரி?

ஷுக்ரி: நவம்பர்லேருந்து திரெங்கானு கடல்ல யாரு இறங்குவா மேடம்? அலை ஒவ்வொண்ணும் வீடு உசரம். மீன் என்னைத் தேடி வாசலுக்கா வரும்?

கல்சோம்: ஜூலையில வந்துச்சே! கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு. அப்பவும் மெலோருக்கு அதே முந்நூத்தம்பது. மிச்சத்துல துரை என்ன வாங்கினாருன்னு கேளுங்க.

நோரைனி: என்ன வாங்கினீங்க?

ஷுக்ரி: ...ஒரு புறா.

நோரைனி: புறாவா?

ஷுக்ரி: பாடுற புறா மேடம். போட்டிக்கு விடுறது.

கல்சோம்: எண்ணூறு ரிங்கிட்! இன்னிவரைக்கும் வாயைத் திறக்கல.

ஷுக்ரி: உன் சத்தத்துல அதுக்கு எங்க இடம் கிடைச்சுது?

கல்சோம்: மேடம், நீங்க சிரிக்கிறீங்க!

நோரைனி: இருமினேன். இங்க பாருங்க, பாக்கி இப்படியே ஏறினா படகை ஜப்தி பண்ணிடுவாங்க.

ஷுக்ரி: படகு போச்சுன்னா முந்நூத்தம்பது இல்ல, மூணு கூடத் தேறாது மேடம்.

கல்சோம்: அதென்னவோ வாஸ்தவந்தான்...

நோரைனி: என்ன சொன்னீங்க?

கல்சோம்: திட்டினேன் மேடம்.

நோரைனி: மழைக்காலத்துல கட்ட முடியல. சீசன்ல கட்டுறது போதல. சரி, படகுல வேலை செய்யறவங்களுக்கு மட்டும் எப்படிச் சம்பளம் தர்றீங்க?

ஷுக்ரி: சம்பளம் ஏது? பங்குதான். டீசல், ஐஸ் கழிச்சு மிஞ்சறதைப் பிரிப்போம். படகுக்கு ஒண்ணு, எஞ்சினுக்கு ஒண்ணு, வலைக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணு. நாங்க மூணு பேர்.

நோரைனி: எஞ்சினுக்குமா?

கல்சோம்: குடிக்குதே மேடம்!

நோரைனி: வலைக்கு?

ஷுக்ரி: அது கிழியும்.

கல்சோம்: மெலோருந்தான் கிழிக்கிறா. மாசம் ஒரு பள்ளிக்கூடப் பாவாடை.

நோரைனி: அப்படின்னா... மெலோருக்கும் ஒரு பங்கு போட்டா என்ன?

ஷுக்ரி: இப்படி ஒண்ணு எங்க மண்டையில உதிக்கவே இல்லையே மேடம்!

கல்சோம்: படிச்சவங்க படிச்சவங்கதான்!

நோரைனி: முந்நூத்தம்பதுக்குப் பதிலா சீசன்ல ஒண்ணரைப் பங்கு. அதுல அரையை மெலோர் பேர்ல பேங்குல போட்டு வச்சா மழைக்காலத்துக்கு ஆகும். ஆனா மீன் என்ன விலைக்குப் போகுதோ, அதை வச்சுத்தான் எல்லாம். யார் வாங்குறாங்க?

ஷுக்ரி: ...இவதான்.

நோரைனி: கல்சோமா?

ஷுக்ரி: அடிமாட்டு விலைக்கு. நாங்க பிரிஞ்சதே பாதி அதனாலதான்.

நோரைனி: அப்ப இவங்க விலையை அடிச்சா மக பங்கும் அடிபடுமே.

கல்சோம்: ...அய்யய்யோ.

ஷுக்ரி: ஆங்! மாட்டினியா!

கல்சோம்: சிரிக்காதய்யா! இது நம்ம பேச்சுலயே இல்ல...

நோரைனி: எந்தப் பேச்சுல?

கல்சோம்: பொதுவாச் சொன்னேன் மேடம்.

நோரைனி: அன்னன்னைக்கு ஏலத்துல போற விலை. அதுக்குக் கீழ வாங்கக் கூடாது. சம்மதமா?

கல்சோம்: கிலோவுக்குப் பத்து சென் மட்டும் குறைச்சு...

ஷுக்ரி: கல்சோம்!

கல்சோம்: சரி, சரி. வாய்ப் பழக்கம்.

நோரைனி: பழைய பாக்கி ஆயிரத்து நானூறு?

ஷுக்ரி: புறாவை வித்துடறேன் மேடம்.

கல்சோம்: நீ விக்காத. என்கிட்ட குடு. ஆயிரத்துக்குத் தள்ளிடறேன்.

ஷுக்ரி: அது பாடாதே!

கல்சோம்: நான் பேசுவேன்ல? அது எதுக்குப் பாடணும்?

நோரைனி: ஆயிரத்தைக் கழிச்சா நானூறு நிக்கும். அதை முதல் மீன் வந்ததும் கட்டுங்க. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டதால நீதிபதி கையெழுத்துப் போட்டுடுவார். போயிட்டு வாங்க.

ஷுக்ரி: ரொம்ப நன்றி மேடம். நான் இப்படிப் போறேன்...

கல்சோம்: நான் அப்படிப் போறேன். இந்த மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்!

நோரைனி: ஷுக்ரி... ஹெல்மெட் ரெண்டும் உங்க கையிலயே இருக்கே?

கல்சோம்: நான் அப்பவே சொன்னேன், வெளியில வச்சுட்டு வான்னு.

நோரைனி: ஒரே மோட்டார் சைக்கிள்ல ரெண்டு பக்கமா எப்படிப் போவீங்க? காலையில இந்த ஜன்னலுக்குக் கீழதான் நிறுத்தினீங்க. "போன வருஷம் நாமளாப் பங்கு கேட்டப்ப அப்படி ஒரு முறையே கிடையாதுன்னுட்டாங்க, இந்தத் தடவை அவங்க வாயாலயே வரவழைக்கணும், நீ பல்லுலேருந்து ஆரம்பி, ஜெயிச்சா கெரோப்போக் மீன் வறுவல் என் செலவு"ன்னு ஒத்திகை பார்த்தீங்க. எனக்கும் நல்ல யோசனையாத்தான் பட்டுச்சு, சொல்லிட்டேன். இப்பக் கணக்கைக் கேட்டுக்குங்க. படகுக்கு ஒண்ணு, எஞ்சினுக்கு ஒண்ணு, வலைக்கு ஒண்ணு, ஆளுங்களுக்கு மூணு, மெலோருக்கு ஒண்ணரை. பழைய பாக்கி நானூறு. கல்சோமுக்கு ஒரு தட்டு கெரோப்போக், அது ஷுக்ரி தரவேண்டியது. என் பக்கத்துல ஒரு மணி நேரமா அடக்கி வச்ச சிரிப்பு பாக்கி நிக்குது... கதவைச் சாத்திட்டுப் போங்க, அதையும் தீர்த்துடறேன்.