தலைக் கண்ணி

சமையலறைக்கு வெளிர்பச்சை அடிப்பதென்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். என் பெண்டாட்டி லியான் முதலில் மஞ்சள் கேட்டாள். வடக்குப் பார்த்த ஜன்னல், வெயில் விழாது, மஞ்சள் அழுக்காகத் தெரியும் என்றேன், ஒத்துக்கொண்டாள். பெயின்ட் டின் என் அம்மா வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. சோதனை போட வந்த உங்கள் ஆட்கள் அதைத் திறக்காமல் விட்டார்கள். அதற்கு நன்றி. ஒருமுறை திறந்துவிட்டால் மேலே ஆடை கட்டிவிடும்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த வக்கீல் வாயைத் திறக்காதே என்கிறார். வக்கீல்கள் பேச்சைக் கேட்டு இந்த வருஷம் முழுக்க வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இன்று பேசிவிடுகிறேன்.

நான் கொத்தனார்களுக்குச் செங்கல் தூக்குகிறவன். பள்ளிக்கூடம் விட்ட கோடையில் தோளில் ஏற்றியது, இன்னும் இறக்கவில்லை. பார்ன்ஸ்லியைச் சுற்றிப் புதிதாக எழும்பிய தெருக்களில் பாதி என் தோளில் ஏறிப் போனவை. அந்த வீடுகளில் ஒன்றின் சாவியைக்கூட நான் கையில் பிடித்ததில்லை. கதவு மாட்டியதும் எங்களை உள்ளே விடமாட்டார்கள். பூட்ஸில் சேறு என்பார்கள். குறையாகச் சொல்லவில்லை. நான் எங்கே நின்று பேசுகிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நாங்கள் வாங்க இருந்தது ஹோல்ராய்ட் என்பவரின் வீடு. வரிசையில் கடைசி வீடு, பின்னால் ஒரு துண்டு மண். ஹோல்ராய்ட் தன் பெண்டாட்டி பிள்ளைகளோடு மேட்டுத் தெருவில் எர்னஸ்ட் பூத்தின் வீட்டுக்குப் போக வேண்டும். பூத் கிழவர் முதியோர் குடியிருப்புக்குப் போக வேண்டும். அங்கே அவருக்கான அறை காலியாகவே கிடந்தது. ஒரே வெள்ளிக்கிழமையில் மூன்று வீட்டு வாசலிலிருந்தும் சாமான் வண்டி கிளம்ப வேண்டும். ஒருவர் அசையாவிட்டால் ஒருவரும் அசைய முடியாது. இதைச் சங்கிலி என்கிறார்கள். பொருத்தமான பெயர்தான்.

ஜூனில் சாவி உங்கள் கையில் என்று வீட்டுத் தரகுக் கடையில் அந்தப் பெண் சொன்னாள். அதை நம்பி வாடகை வீட்டைக் காலி செய்து அம்மா வீட்டுச் சின்ன அறைக்குள் புகுந்தோம். கட்டில் போட்டதும் அறை தீர்ந்துவிட்டது. லியான் சுவரோரம் படுப்பாள். எழுந்து போக வேண்டுமானால் என்மேல் தவழ்ந்துதான் போக வேண்டும். ஆரம்பத்தில் அதற்குச் சிரித்தோம்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாப்பாட்டு நேரத்தில் சாரத்தில் உட்கார்ந்தபடி போன் போடுவேன். தரகுக் கடையும் சரி, வக்கீல் ஆபீசும் சரி, ஹோல்ராய்டும் சரி, எல்லோரிடமும் ஒரே பதில்தான்: திங்கட்கிழமை சொல்கிறோம். திங்கட்கிழமை கூப்பிட்டால் அடுத்த திங்கட்கிழமையைக் காட்டுவார்கள்.

"எந்தத் திங்கக்கிழமைன்னு கேட்டியா? இந்த வருசத்துலதானாமா?" என்பாள் லியான்.

அம்மா அடுப்படியிலிருந்தே பதில் கொடுப்பாள். "இருந்துட்டுப் போங்களேன். நான் என்ன உங்களைக் கடிக்கவா செஞ்சேன்?"

வங்கியின் கடன் ஒப்புதல் அக்டோபர் கடைசியோடு காலாவதி. அதற்குப் பிறகு எங்களுக்கு எவனும் கடன் தரமாட்டான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். செப்டம்பர் வந்ததும் லியான் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். கட்டிலில் என்மேல் தவழாமல் சோபாவில் படுக்க ஆரம்பித்தாள்.

காரணத்தை ஹோல்ராய்ட்தான் ஒரு நாள் மதில் மேல் சாய்ந்துகொண்டு சொன்னார். "கிழவர் ஒரு புறாவுக்காகக் காத்துக்கிட்டிருக்காரு. நான் விளையாட்டுக்குச் சொல்லலைப்பா."

சங்கிலியில் இருப்பவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகக் கூடாது என்பார்கள். நான் போனேன். கதவைத் திறந்தவர் என் பூட்ஸைத்தான் முதலில் பார்த்தார்.

"யாருப்பா நீ?"

"உங்க சங்கிலியில கடைசிக் கண்ணி."

இருமல் வரும்வரை சிரித்தார். "அப்ப நான் தலைக் கண்ணியா? வா, வா, டீ போடுறேன். பூட்ஸைக் கழட்ட வேணாம். நான் நிலக்கரிச் சுரங்கத்துல இருந்தவன், சேறு எனக்குப் புதுசில்லை."

நல்ல மனிதர். அதை எழுதிக்கொள்ளுங்கள். அவரைப் பற்றி நான் தப்பாக ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

பந்தயப் புறாக்கள் வைத்திருந்தார். பிரான்சில் திறந்துவிட்டால் கடல் தாண்டி இந்தக் கொல்லைக்குத் திரும்பி வருமாம். மற்றவற்றைப் புறாப் பந்தயக் கழகத்து ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார். மே கடைசிப் பந்தயத்துக்குப் போன நீலப் பெட்டை ஒன்று மட்டும் வந்து சேரவில்லை. அவர் போய்விட்டால் ஹோல்ராய்ட் கூண்டைப் பிரித்துவிடுவார். பிறகு அது வந்து எங்கே இறங்கும் என்று என்னைக் கேட்டார்.

"பழகின பறவைக்கு ஒரே வீடுதான் தம்பி. புது விலாசம் குடுத்தா வாங்கிக்காது."

செத்துப்போயிருந்தால் என்றேன்.

"செத்திருந்தா ஒரு கடுதாசி போட்டிருப்பாளே," என்றார்.

நானும் சிரித்தேன். வீடு இல்லாதவன் நான். வீடு இருக்கிற ஒரு புறாவுக்காகக் காத்திருந்தேன். உங்களுக்கு அது வேடிக்கையாகத் தோன்றினால் சிரிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன். பெட்டி கட்டிக் கொடுத்தேன், மழைநீர்க் குழாயைச் சரி செய்தேன். ஒரு நாள், கையெழுத்தாவது போட்டுவிட்டீர்களா என்று கேட்டேன்.

"கையெழுத்தா? மே மாசமே போட்டாச்சு. வக்கீல்கிட்ட பத்திரமாத் தூங்குது. நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அடுத்த நாளே வக்கீலுங்க ஒப்பந்தத்தை மாத்திக்குவாங்க."

அந்தப் பேச்சு என்னோடு வீட்டுக்கு வந்தது. நானும் மே மாதமே கையெழுத்துப் போட்டிருந்தேன். ஹோல்ராய்டும் போட்டிருந்தார். எல்லோர் கையெழுத்தும் தயார். பாக்கி இருந்தது ஒரு வாயிலிருந்து வர வேண்டிய ஒரு வார்த்தை. கிழவரின் மகள் ஜானிஸை அவர் வீட்டு வாசலில் ஒருமுறை பார்த்தேன். "அப்பா கையில இருக்கறவரைக்கும் நகராது. என் கைக்கு வந்தா ஒரே நாள் வேலை," என்று அலுத்துக்கொண்டாள்.

நான் படித்தவன் இல்லை. எனக்குத் தெரிந்த கணக்கு வேலைத்தளத்துக் கணக்கு. மேஸ்திரி கையெழுத்துப் போட்டுச் செங்கல்லை இறக்கிவிட்டால் இறக்கியதுதான். மறுநாள் மேஸ்திரி செத்தாலும் செங்கல் திரும்பிப் போகாது. சுவர் எழும்பும். நான் அப்படித்தான் நினைத்தேன். எவனும் எனக்கு வேறு விதமாகச் சொல்லவில்லை.

அக்டோபர் கடைசி வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை மத்தியானம் அவரே போன் செய்தார். "வந்துட்டா தம்பி. இறக்கை கிழிஞ்சு வந்திருக்கா. கூரை விளிம்புல உட்கார்ந்துக்கிட்டு இறங்க மாட்டேங்கிறா. ஏணி பிடிக்க ஆள் வேணும்."

போனேன். நானே ஏறுகிறேன் என்றேன். என் கையைத்தான் நம்புவாள் என்று அவர் ஏறினார். ஏணிக்குக் கீழே ஒருவன் அடிப்படியை மிதித்து நிற்பது எங்கள் வேலையில் வழக்கம். மேலே போகிறவனின் உயிர் கீழே நிற்பவனின் பூட்ஸில் இருக்கிறது. நான் மிதித்து நின்றேன். அவர் மெதுவாக நாக்கைத் தட்டிக்கொண்டே எட்டிப் புறாவைப் பிடித்துக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டார். அங்கிருந்தே என்னைக் குனிந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"முடிஞ்சுது தம்பி. திங்கக்கிழமை வக்கீலுக்குப் போன் போடுறேன்."

புறாதான் வந்துவிட்டதே, அவர் நிச்சயம் போன் போட்டிருப்பாரே என்கிறீர்கள். இருக்கலாம். நீங்கள் திங்கட்கிழமை என்ற வார்த்தையை மே மாதத்திலிருந்து கேட்டவர் இல்லை. வீடு உள்ள ஒவ்வொரு வாயும் எனக்கு அந்த வார்த்தையைத்தான் கொடுத்தது. அவர் அதை மேலே நின்று சொன்னார். நான் கீழே நின்று கேட்டேன்.

ஈரக் கல்லில் ஏணி வழுக்கிவிட்டது என்று போன வாரம் உங்கள் ஆளிடம் சொன்னேன். ஏணி வழுக்கவில்லை. காலை எடுத்தேன். காலை எடுத்தும் அது அசையவில்லை; நான் ஏணியைச் சரியாகத்தான் சாத்தியிருந்தேன். பிறகு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

விழுந்தவர் உடனே சாகவில்லை. புறா கோட்டிலிருந்து வெளியே வந்து, தானாக நடந்து கூண்டுக்குள் போயிற்று.

"உள்ள போயிட்டாளா?" என்று கேட்டார்.

போய்விட்டாள் என்றேன். ஆம்புலன்சுக்குச் சொல்லு தம்பி என்றார். ஏணியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர் பார்த்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போனை எடுத்துக்கொண்டு படல்வரை நடந்து போய்த் திரும்பி வந்தேன். யாரையும் கூப்பிடவில்லை. என் சட்டையைக் கழற்றி அவர்மேல் போர்த்தினேன். தீவனவாளியைக் கவிழ்த்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எப்ப வருவாங்க?"

"வந்துக்கிட்டே இருக்காங்க மிஸ்டர் பூத்."

கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டார்.

"அவங்க பக்கம் எல்லாம் தயாராம். யாரோ ஒருத்தருக்காகக் காத்திருக்காங்களாம். நீங்க பொறுமையா இருங்க."

அந்த வார்த்தைகள் என்னுடையவை அல்ல. தரகுக் கடைப் பெண் ஒவ்வொரு வாரமும் எனக்குச் சொன்னவை. அதே குரலில்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. காத்திருப்பது பழகிவிடும். எனக்கும் பழகியது. வெளிச்சம் இறங்கும் நேரத்தில் அவர் மூச்சு நின்றது. சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பூனை நுழையாதபடி கூண்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் திறந்ததும் வக்கீலுக்குப் போன் போட்டேன். மிஸ்டர் பூத் இறந்துவிட்டார், கையெழுத்தெல்லாம் இருக்கிறது, இந்த வெள்ளிக்கிழமையே முடித்துவிடலாமா என்று கேட்டேன். வக்கீல் ஆபீஸ் பெண் பொறுமையாகவே விளக்கினாள். கையெழுத்துப் போட்டால் போதாதாம். எல்லா வக்கீல்களும் ஒரே நாளில் பேசி ஒப்பந்தங்களை மாற்றிக்கொண்டால்தான் கட்டுப்படுமாம். அதற்கு முன்னால் ஆள் போய்விட்டால் போட்ட கையெழுத்து வெறும் மையாம். மகள் நீதிமன்றத்தில் உரிமை வாங்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். பல மாதம் ஆகும், ஹோல்ராய்ட் அதுவரை காத்திருக்கமாட்டார், சங்கிலி அறுந்துவிட்டது என்றாள். பிறகு, சாவைப் பற்றி எனக்கு யார் சொன்னது என்று கேட்டாள்.

செத்துக் கிடந்த கிழவரைப் பக்கத்து வீட்டுக்காரி முதலில் பார்த்தது செவ்வாய்க்கிழமை. அந்த ஒரு போன்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது என்கிறீர்கள். முட்டாள்தனம் என்று உங்கள் முகம் சொல்கிறது. திங்கட்கிழமை என்றால் நான் போன் போடுகிற நாள். என்னிடம் அப்படித்தானே சொல்லி வைத்திருந்தார்கள்.

லியான் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை வந்து பார்ப்பதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாளாம். வருவாள். ஜானிஸ் உரிமை வாங்கியதும் அவளிடம் போய்ப் பேசும்படி லியானிடம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் எல்லாம் தயாராகவே இருக்கிறது.

வருத்தப்படுகிறாயா என்று கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். கிழவர் ஒரு புறாவுக்காக எல்லோரையும் நிறுத்தி வைத்தார். தரகர்கள் நிறுத்தினார்கள், வக்கீல்கள் நிறுத்தினார்கள், வங்கி நிறுத்தியது. அந்தச் சங்கிலியில் யாரையும் ஒரு நாள்கூடக் காக்க வைக்காதவன் நான் ஒருவன்தான்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். என்னால் தாமதம் என்று யாரும் சொல்லக் கூடாது.