நாண் அடிச்ச இடம்

நீங்கதான் தம்பி. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்க்காதீங்க, உங்களைத்தான் சொல்றேன். என் பொண்டாட்டி புருஷனை அடிக்கிறவள்னு ஊரு பூரா பேர் எடுத்ததுக்கு நீங்க ஒருத்தர்தான் காரணம். இந்த மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டீங்க. அதுல கவுந்துச்சு என் குடும்பம்.

என்ன கேள்வியா? மறந்துட்டீங்க, ம்? மூணு மாசம் முன்னாடி ஆயின்ட்மென்ட் வாங்க வந்தேன். சட்டைக் கையை மடிச்சுக் காட்டினேன். இதோ, இடது கையில, மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவுல, உள்பக்கம். கத்திரிக்கா கலர்ல வீங்கிக் கெடந்துச்சு. நீங்க குனிஞ்சு பார்த்துட்டு, குரலைத் தணிச்சு, வீட்ல ஏதாவது பிரச்சினையாண்ணேன்னு கேட்டீங்க. உங்க குரலைத் தணிச்சீங்க, சரி. பக்கத்துல நின்ன நாலு பேர் காதை யார் தணிக்கிறது?

நல்ல மனசோடதான் கேட்டீங்க, யாரு இல்லேன்னது? நீங்க அந்தம்மாவுக்கு மாத்திரையைக் குடுத்து அனுப்புங்க, நான் எங்கேயும் போகல. அந்த ஸ்டூலை இப்படித் தள்ளுங்க.

ம். அது நாண் அடிச்ச காயம் தம்பி. வில்லோட நாண். ஆமா, வில்லு, அம்பு, அந்த வில்லேதான். பார்த்தீங்களா, இந்தச் சிரிப்பைத்தான் சொல்றேன். எவன்கிட்ட சொன்னாலும் இதே சிரிப்பு. படியில விழுந்துட்டேன்னு சொல்லியிருந்தாக்கூட நம்பியிருப்பானுங்க.

நான் பழைய சாமான் வியாபாரி, உங்களுக்குத் தெரியும். கட்டில், பீரோ, சோபா. கட்டில் காலு ஒண்ணு கடையணும்னு ஒரு மரப்பட்டறைக்குப் போனேன். சுவத்துல ஏழெட்டு வில்லு தொங்குது. பட்டறைக்காரர் தானே சீவுனது. ஒண்ணை எடுத்து இழுத்துப் பார்த்தேன். ஐயோ, வெறும் நாணை இழுத்து விட்டுடாதீங்க, அம்பு இல்லாம விட்டா வில்லு விரிசல் விட்டுடும்னு கத்துனாரு. சரிய்யா, விலை என்னன்னேன். ஒரு மணி நேரம் பேசுனோம். ஒரு இடத்துக்கு மேல இறங்க மாட்டேன்னுட்டாரு. அப்ப வில்லோட சேர்த்துத் தர்ற அந்தத் தோல் துண்டு எதுக்கு, அதை நீயே எடுத்துக்கிட்டு அதுக்கு உண்டானதைக் கழின்னேன். அது கைக்காப்புங்க, அதைக் கட்டாம அம்பு விட்டா நாண் திரும்பி வரும்போது கையை உரிச்சுடும்னாரு. பதினொரு வயசுல மூட்டை தூக்குன கைய்யா இது, ஒரு நூல் என்ன பண்ணிடும்னேன். கழிச்சாரு. அன்னிக்கு நான் ஜெயிச்சேன். மறுநாள்லேர்ந்து நாண் ஜெயிச்சுது.

ஆனா அந்த வில்லு இருக்கே, அது சாமான் தம்பி! நானும் எத்தனையோ சாமானைப் பார்த்துட்டேன். இதுல திருகு கிடையாது, பேட்டரி கிடையாது, கியாரண்டி கார்டு கிடையாது. ஒரு கட்டை, ஒரு கயிறு. ஒருநாள் வண்டியிலேர்ந்து விழுந்து, அது மேல ஒரு இரும்பு பீரோவும் விழுந்துச்சு. பீரோவுக்கு ஒடுக்கு. வில்லுக்கு ஒரு கீறல்தான், எண்ணெய் தடவுனதும் அதுவும் போயிடுச்சு. அது கேக்குறது ஒண்ணே ஒண்ணு. வேலை முடிஞ்சா நாணைக் கழட்டி விட்டுடணும். எந்நேரமும் இழுத்துக் கட்டியே வச்சா சோர்ந்துபோயிடும். நியாயம்தானே?

அம்பை எங்க விடுறதா? குடோன்லதான். கடைசிச் சுவத்துல ஒரு பழைய மெத்தையை நிமிர்த்தி வச்சு, இருபத்தஞ்சு அடியிலேர்ந்து. வாய்தான் தம்பி என் பொழப்பு. காலையில வாயைத் தொறந்தா ராத்திரிதான் மூடுவேன். ஆனா நாணைக் கன்னம் வரைக்கும் இழுத்தீங்கன்னா பேச முடியாது. பேசினா உதட்டையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போயிடும். அந்த ரெண்டு நொடி நான் யார்கிட்டயும் எதுக்கும் விலை சொல்லல. அப்புறம் விடுவேன். தொப். மெத்தைக்குள்ள. அந்தத் தொப்புக்கு நான் என்ன வேணாலும் குடுப்பேன். அந்த மெத்தை? வித்துட்டேனே. காத்தோட்டமா இருக்கும்னு சொல்லி விலையைக் கூடவே வச்சு வித்தேன்.

என் பொண்டாட்டி வந்து ஓரமா உட்கார்ந்து எத்தனை பட்டுச்சு, எத்தனை சுவத்துக்குப் போச்சுன்னு எண்ணுவா. அவளாவது அடிக்கிறதாவது! கொசு வந்தா ஜன்னலைத் தொறந்து வச்சு, போ போன்னு சொல்ற ஆளு. அவளைத்தான் நீங்க ரவுடியாக்கிட்டீங்க.

கேளுங்க, இன்னும் இருக்கு. மாமியார் போன் பண்றாங்க, பொண்ணைத் திட்டப் போறாங்கன்னு ஸ்பீக்கர்ல போட்டேன். இப்பவாவது உனக்குக் கை நீட்டத் தெரிஞ்சுதேன்னு அழுறாங்க, சந்தோஷத்துல! மச்சான் என்னைத் தனியாக் கூப்பிட்டு ஒரு ஹெல்மெட் குடுத்தான். வண்டிக்கு இல்ல மாமா, வீட்டுக்குள்ள போட்டுக்கங்கன்னான். அடிபட்ட கணவர்கள் சங்கம்னு ஒண்ணு இருக்காம், தெரியுமா உங்களுக்கு? வந்து என்னைக் கௌரவத் தலைவராக்கிட்டானுங்க. கூட்டத்துல கை தட்டக் கூடாது. சத்தம் கேட்டா உறுப்பினர்கள் பயந்துடுவாங்களாம்.

வில்லைக் கொண்டுவந்து காட்ட வேண்டியதுதானேன்னா? காட்டினேனே! நடுத்தெருவுல நின்னு தூக்கிக் காட்டினேன். ஐயோ பாவம், தற்காப்புக்கு வாங்கியிருக்காருன்னாங்க.

சிரிங்க, சிரிங்க. அவளுக்குச் சிரிப்பு வரல. வீட்ல பதினொரு பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுத்துக்கிட்டிருந்தா. பதினஞ்சு வருஷமா அவ கட்டிக் காத்தது. ஒண்ணொண்ணா நிறுத்திட்டாங்க. கடைசியா மிஞ்சுன ஒரே ஒரு பொண்ணோட அம்மா வந்து, டீச்சர், அந்த அடிஸ்கேலை மட்டும் நான் வச்சுக்கிறேனேன்னு வாங்கிட்டுப் போனாங்க. மறுநாள் பிள்ளையும் வரல. இவ பலகையைத் தொடச்சுட்டு வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா. இப்ப அவ தம்பி வீட்டுக்குப் போயிட்டா. ஒன்பது நாளாச்சு. போன் பண்ணா மச்சான்தான் எடுக்கிறான்.

என்னது? நீங்க கேட்டது ஒருநாளு, நான் மூணு மாசம் என்ன பண்ணேன்னா? நல்லாக் கேக்குறீங்கய்யா கேள்வி. உங்களுக்குக் கேள்வி கேக்குறதே வியாதி.

சரி, சொல்றேன். நீங்க கேட்ட மறுநாள் பெயின்ட் கடைக்குப் போனேன். அவனுக்கும் சேதி போயிருந்துச்சு. கையைப் பார்த்தான், கண்ணு கலங்கிட்டான், தானா விலையைக் குறைச்சுட்டான். தம்பி, முப்பது வருஷமா பேரம் பேசுறேன். நான் வாயே தொறக்காம ஒருத்தன் இறங்கிப் பார்த்ததில்ல. இல்லய்யா, இது வில்லுன்னு சொல்லத்தான் நெனச்சேன். பில்லைப் பார்த்தேன். சொல்லல. அப்புறம் எந்தக் கடைக்குப் போனாலும் வாசல்லயே சட்டைக் கையை மடிச்சு விட்டுக்குவேன். காயம் ஆறிடுமோன்னு தினம் பத்து அம்பு கூடுதலா விட்டேன்.

இருங்க, முடிக்கலை. சோபாத் துணி விக்கிறவன் மட்டும் கல்லு மாதிரி நின்னான். அடிச்சது கரண்டியாலன்னேன். அசையல. குக்கர் மூடியாலன்னேன். லேசா இறங்கினான். இன்னும் ஒரு தம் புடிச்சா படிஞ்சுடும்னு தெரிஞ்சுபோச்சு. தூக்கத்துலகூட அடி விழுதுங்கன்னேன். படிஞ்சான். திரும்பினா, பின்னாடி அவ நிக்கிறா. சோபா அளவு எழுதுன சீட்டை நான் வீட்லயே வச்சுட்டுப் போயிட்டேனாம், எடுத்துட்டு வந்திருக்கா. சீட்டை மேசை மேல வச்சா. அளவு சரியா இருக்கு, பார்த்து வெட்டச் சொல்லுங்கன்னா. அங்கேர்ந்தே மச்சான் வீட்டுக்குப் போயிட்டா.

அப்படிப் பார்க்காதீங்க. ஆரம்பிச்சது நீங்கதானே? அப்ப நீங்கதான் முடிச்சு வைக்கணும். முதல்ல அந்தப் பதினொரு வீட்டுக்கும் வரணும். நான் சொன்னா, பயத்துல சொல்றாருன்னுவாங்க. வெள்ளைக் கோட்டு போட்ட நீங்க சொன்னா நம்புவாங்க. அப்புறம் மச்சான் வீடு. அவகிட்ட என்ன சொல்றதா? அது... எனக்கு வரலை தம்பி. நாலு தடவை அந்த வாசல் வரைக்கும் போயிட்டேன், வாய் வரமாட்டேங்குது. அவ என்ன கேட்டாலும் சரின்னுட்டேன்னு சொல்லுங்க. ஒரு வார்த்தைகூடக் குறைச்சுக் கேக்க மாட்டேன்னு சொல்லுங்க. எந்திரிங்க. அந்த ஷட்டரை இறக்குங்க. கேக்கத் தெரிஞ்சுதுல்ல? வந்து பதிலையும் சொல்லிட்டுப் போங்க.