நாற்பத்தொன்றாம் எண் பஸ்

கூடத்தின் ஒலிபெருக்கி திடீரென்று ‘கீ...ச்’ என்று அலறியது. நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அதே நொடியில் அக்காவின் கைபேசியும் அடித்தது. தம்பி என்று தெரிந்ததும் அவள் கூடத்துக்கு வெளியே, மாடிப்படி ஓரமாக ஓடினாள்.

“ஹலோ... ஹலோ, கேக்குதாடா?... ஆமா, ஆமா, மைக்தான். ஒரு மணி நேரமா அந்த ஆள் அதைத் திருகிக்கிட்டே இருக்கார், அதுவும் கத்திக்கிட்டே இருக்கு... அதை விடு. ஏர்போர்ட்ல என்ன சொல்றாங்க?... இன்னும் ரத்துதானா?... அடுத்த ஃப்ளைட்?... நாளைக்கா! நாளைக்கு வந்து யாரைப் பார்க்கப் போறே, நாற்காலி திருப்பி எடுக்க வர்றவனையா?... சரி, சரி. மழைக்கு நீ என்ன பண்ணுவே. உன்மேல தப்பில்ல...

“ம்... வந்தது. நீ எழுதி அனுப்பினது வந்தது... படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன்... நான் அதை வாசிக்க மாட்டேன்... லைன் நல்லாத்தான் இருக்கு. சரியாத்தான் கேட்டே. வாசிக்க மாட்டேன்னுதான் சொன்னேன்.

“என்ன தப்பா? அப்பா போய்ப் பதினஞ்சு நாள் ஆகுது. பதினோரு மணிக்கு டிப்போவே திரண்டு இங்க வருது. அத்தனை பேர் முன்னாடி மைக்கைப் பிடிச்சு, ‘நான் ஹாஸ்டல்ல இருந்த நாலு வருஷத்துல அப்பா ஒரு நாள்கூட என்னைப் பார்க்க வந்ததில்லை’ன்னு நான் படிக்கணுமா?... உண்மைன்னா? உண்மையா இருந்தா மைக்ல சொல்லிடணுமா?... உன் மனசுல இருக்கிறதுன்னா நீயே வந்து சொல்லு. என் வாயால வராது.

“இரு... இருடா, நான் முடிச்சுக்கிறேன். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டின மனுஷன். ஒரு நாள் வண்டியை லேட்டா எடுத்ததில்ல. ஒரு கோழிக்குஞ்சு மேலகூட ஏத்தினதில்ல. கிளட்ச் மிதிச்சு மிதிச்சே இடது முட்டி தேஞ்சுபோச்சு. அதை எழுதினியா?... எங்க எழுதினே? ‘பாசமான தந்தை, கடின உழைப்பாளி’ன்னு ஒரே வரி. யார் போட்டோவுக்குக் கீழயும் அதை ஒட்டிக்கலாம். நம்ம அப்பா எங்கடா அதுல?

“அடுப்படியிலேர்ந்து ஹாலுக்கு வரணும்னாலும் வாசல்ல நின்னு ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தானே திரும்புவாரு... சிரிக்கிறியா? சிரி, சிரி. அதை எழுதியிருந்தா அத்தனை பேரும் சிரிச்சிருப்பாங்க...

“அண்ணே! அந்த வயரைக் காலுக்கு நடுவுல போடாதீங்க, வயசானவங்க வர்ற இடம்!... உன்னை இல்லடா, மைக்செட்காரரை.

“உன் மருமக இருக்காளே, அந்த வாலு... ஆமா, அவளேதான். ரிடையர் ஆன மறுநாளே தாத்தா அவளோட ஸ்கூல் டூட்டிய எடுத்துக்கிட்டாரு. புத்தகப்பை அவர் தோள்ல. அவர் டிரைவர், அவ கண்டக்டர். அவ விசில் ஊதினாத்தான் தெருமுனையில நிப்பாரு, திரும்ப ஊதினாத்தான் கிளம்புவாரு. தெருவே வேடிக்கை பார்க்கும், அவருக்கு ஒரு கூச்சமும் கிடையாது. இப்ப தினமும் ஷூவை மாட்டிக்கிட்டு வாசல்ல உட்கார்ந்துடறா. நான் கையைப் பிடிச்சா, ‘உனக்கு ஓட்டத் தெரியாதும்மா’ங்கறா... ம்... அழாதே. உனக்கு அதெல்லாம் எங்க தெரியும், நீதான் வீட்டுப்பக்கமே... சரி, சரி, அதை இழுக்கல. ஆரம்பிக்காதே!

“கேளு. காலையிலதான் எனக்கே ஒண்ணு தெரிஞ்சுது. கண்டக்டர் மாமா சொன்னாரு... அதான்டா, அப்பாகூட ஒரே வண்டியில பதினெட்டு வருஷம் போனாரே, குள்ளமா, மீசை பெருசா... அவரேதான். டிப்போல வருஷா வருஷம் சீனியாரிட்டி லிஸ்ட் ஒட்டுவாங்களாம். மேல இருக்கிறவங்க முதல்ல ரூட்டைத் தேர்ந்தெடுத்துக்கலாம். அப்பா பேரு ரெண்டாவதோ மூணாவதோ. ஊருக்குள்ளயே சுத்துற வண்டியை எடுத்துக்கிட்டு மத்தியானம் ரெண்டு மணிக்கு வீட்டுல காலை நீட்டிப் படுத்திருக்கலாம். எதை எடுத்தாரு தெரியுமா? நாற்பத்தொண்ணு!... ஆமா, கல்குவாரி வழியாப் போற நாற்பத்தொண்ணுதான். புதுசா சேர்ந்தவன் தலையில கட்டுற ரூட்டு. ரோடா அது? பள்ளத்துக்கு நடுவுல அங்கங்க கொஞ்சம் தார். டிப்போல எல்லாரும் இவருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்குன்னாங்களாம். இவரு பாட்டுக்கு வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாராம். ஒரு வருஷம் இல்ல, நாலு வருஷம்! உன் ஹாஸ்டல் வாசல்ல நிக்கிற ஒரே வண்டி அதுதானேடா? தினமும் காலையில உன்னைப் பார்க்கத்தான் அந்தப் பள்ளத்துல எல்லாம் விழுந்து எழுந்து வந்திருக்காரு. அவரைப் போய் வரவே இல்லைன்னு எழுதினா...

“என்னது?... தெரியுமா? உனக்கா?... அந்த பஸ்ல ஏறியிருக்கியா?... தினமுமா! அப்புறம் ஏன்டா, கொஞ்சம்கூட... கத்தாதே. மெதுவா சொல்லு... ம்... முதல் வருஷம்... ம்... காலேஜ் போக நீயும் ஃப்ரெண்ட்ஸும் ஏறினீங்க... கண்ணாடியில உன்னைப் பார்த்தாரு... பார்த்துட்டு?... முகத்தைத் திருப்பிக்கிட்டாரா? அப்பாவா?... போடா. ரோட்டைப் பார்த்திருப்பாரு... மறுநாளுமா?... நாலு வருஷமும்?... ஒரு சிரிப்புகூட இல்லையா?... லீவுக்கு வீட்டுக்கு வந்தப்ப கேட்டிருக்கலாம்ல?... ஏன் கேக்கல?... அதென்ன, ‘கேக்க முடியல’?

“சே! இவ்வளவு நாளா இதை வெச்சுக்கிட்டா இருந்தே?... எனக்கு ஒண்ணும் புரியல. லைன்லயே இரு. போனை வெச்சே, அப்புறம் நான் உன் அக்காவே இல்ல.

“மாமா! கண்டக்டர் மாமா! நாற்காலி அப்புறம் போட்டுக்கலாம், ஒரு நிமிஷம் இங்க வாங்க... தம்பிதான் பேசறான். இல்ல மாமா, வர முடியல, ஃப்ளைட் ரத்து. ஒண்ணு கேக்கணும், மறைக்காமச் சொல்லுங்க. இவன் உங்க வண்டியில ஏறினா அப்பா முகத்தைத் திருப்பிக்குவாராமே, நெசமா?... ஏன் மாமா குனிஞ்சுக்கிறீங்க?... சொல்லக் கூடாதுன்னாரா? அவரே போயிட்டாரு, இன்னும் யாருக்காகக் காப்பாத்தப் போறீங்க? சொல்லுங்க... ம்... யாரு, கூட ஏறின பசங்களா?... சத்தமாவா? அப்பா சீட்டுக்குப் பின்னாடியே நின்னா?... ம்... அப்புறம்?... அன்னிலேர்ந்தா?... சரி மாமா... போதும். நீங்க போய் உட்காருங்க. ஃபேன் பக்கமா உட்காருங்க.

“ஹலோ... இருக்கியா?... மாமா சொன்னது கேட்டுதா?... கேக்கலையா... ஒண்ணுமில்ல. வேற வரி எழுதி அனுப்பு, நான் வாசிக்கிறேன்... இல்லடா, அழல. மைக் சரியாயிடுச்சு, கூப்பிடறாங்க... நாளைக்கு வந்தப்புறம் பேசிக்கலாமே... பிடிவாதம் பிடிக்காதே... சரி. சொல்றேன். சொன்னப்புறம், ‘ஏன்க்கா சொன்னே’ன்னு என்னைக் கேக்கக் கூடாது... ‘எங்கப்பா வெளிநாட்டுல எஞ்சினியர்’னு ஹாஸ்டல் பூரா சொல்லி வெச்சிருந்தியாமே... அந்தப் பசங்க முன்னாடி உன் பேச்சு பொய்யாயிடக் கூடாதுன்னுதான்டா அவரு உன் பக்கம் திரும்பல.”